இருட்கோ சொல்லாத வாக்கியம்

ஏரல் பஜாரில் முத்துராணியின் தையல் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இருந்த பலகையை இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழி வெள்ளம் கொண்டுபோய்விட்டது. புதுசாக ஒன்று எழுதி மாட்டச் சொல்லாத ஆளில்லை. "பலகையப் பாத்தா வாராவ? என் வாயக் கேட்டுல்லா வாராவ" என்பாள். ஆவணி பிறந்துவிட்டால் போதும், குலசேகரன்பட்டினத்து தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வந்துவிடுவார்கள். காளிக்குச் சிவப்புப் பாவாடை, ராஜாவுக்கு ஜிகினா வைத்த மேலங்கி, குரங்குக்கு வாலோடு சேர்த்துத் தைத்த கால்சட்டை என்று நாற்பது நாள் மிஷின் ஓயாது.

வெள்ளம் கடைக்குள் புகுந்த அன்று அவளும், அவளோடு பத்து வருஷமாகத் துணியில் கல் பதிக்கிற வேலையும் ஜிகினா வேலையும் பார்க்கிற மும்தாஜ் பேகமும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பாத்திரக்கடை மாடிக்கு ஓடினார்கள். மும்தாஜ் தூக்கியது மிஷினின் தலையை. முத்துராணி தூக்கியது ஒரு பை. மாடியில் போய் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஏழு புத்தகங்கள்.

"நான் பொழப்பத் தூக்குனேன். எங்க அக்கா கதையத் தூக்குனா" என்று மும்தாஜ் இன்றைக்கும் வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டுவாள். முத்துராணிக்கு அதில் கோபம் வராது. மிஷின் கடையில் கிடைக்கும். அந்தப் பையில் இருந்த முதல் மூன்று புத்தகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அந்தத் தொடருக்கு 'ஏழாற்று நாடு' என்று பெயர். ஏழு ஆறுகள் ஓடும் ஒரு கற்பனை நாடு. பேசும் மீன்கள், நிழலை விற்கும் வணிகர்கள், மலை உச்சியில் தூங்கும் ஒரு ராணி. முதல் பாகம் வந்தபோது முத்துராணிக்குப் பதினாறு வயது. இப்போது நாற்பத்தைந்து. கதை இன்னும் முடியவில்லை. எழுதுகிறவருக்கு அவசரமே கிடையாது. ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவில் முத்துராணிக்குக் கல்யாணம் ஆனது. இன்னொரு இடைவெளியில் மகள் பிறந்து நடக்கத் தொடங்கினாள். அந்த மகள்தான் கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு இப்போது புதுப் பாகம் வந்ததும் பார்சலில் அனுப்பி வைக்கிறாள்.

முதல் மூன்று பாகங்களையும் அவள் படித்தது ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் வாடகை நூல் நிலையத்தில். பஜார்க் கோடியில் வெற்றிலைக் கடைக்கு மேலே இருந்தது அது. மரப்படி ஏறும்போதே வெற்றிலையின் ஈர வாசமும் பழைய தாள் வாசமும் கலந்து வரும். புத்தகத்தில் யாராவது கிறுக்கினால் அண்ணாச்சிக்கு ஆகாது. ஆனால் கிறுக்காமல் இருக்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் நாலைந்து வெள்ளைத்தாளை மைதாப் பசை போட்டு ஒட்டி வைத்திருப்பார்.

"உள்ள ஒரு புள்ளி விழுந்தாலும் சந்தாவ நிறுத்திருவேன். ஒங்க வயித்தெரிச்சல எல்லாம் கடைசிப் பக்கத்துல கொட்டுங்க" என்பார்.

எல்லாரும் கொட்டினார்கள். பெயர் போடக்கூடாது என்பது அண்ணாச்சியின் ஏற்பாடு. ஆளுக்கொரு புனைபெயர். 'நிழல் வணிகன் வரும் இடம் அருமை – உப்பளம்.' அதன் கீழே, 'உப்பளம் அவர்கள் முதலில் முழுசாகப் படிக்கட்டும் – பழையகாயல்.' அதற்கும் கீழே அண்ணாச்சியின் சிவப்பு மை: 'சண்டை போடுகிறவர்கள் அடுத்த தாளுக்குப் போகவும் – நிலையத்தார்.'

முத்துராணியின் புனைபெயர் 'ஆத்தங்கரை'. அவள் வீடு ஆற்றோரத்துக் குடியிருப்பில் இருந்தது. அவளோடு சேர்ந்து படித்த பிரேமலதாவின் பெயர் 'பஜார்'. அவளுடைய அப்பா வாழைக்காய் மண்டியில் வேலை பார்த்தார், வீடும் பஜாரிலேயே. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சந்தா. பள்ளிக்கூடம் விட்டதும் அந்த மரப்படியில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் படிப்பார்கள். பிரேமலதா வேகமாகப் படிப்பாள். பக்கத்தின் கடைசி வரிக்கு வந்ததும் விரலால் தாளைத் தட்டுவாள். "கொஞ்சம் பொறுட்டி, தட்டாத. நான் மனசுல படம் போட்டுக்கிட்டுல்லா படிக்கேன்" என்பாள் முத்துராணி.

மூன்றாம் பாகத்தில்தான் இருட்கோ அந்தக் காரியத்தைச் செய்தான்.

இருட்கோ மதகு காக்கிறவனுடைய மகன். ராஜாவின் கண்ணில் பட வேண்டும் என்று காத்துக் கிடக்கிறவன். எதிரிகள் ஆற்றோரத்து ஊருக்குத் தீ வைத்த அன்று, மேலே இருந்த மதகை அவன் வேண்டுமென்றே, யாருக்கும் தெரியாமல் அடைத்துவிட்டான். வாய்க்காலில் வருகிற தண்ணீர் நின்றது. அணைக்கத் தண்ணீரில்லாமல் ஊர் முழுக்க எரிந்தது. கதாநாயகி இளவெயினியின் அம்மாவும் அதில் போனாள். அன்றிலிருந்து இளவெயினி, மதகை அடைத்தது யார் என்று தேடிக்கொண்டே இருக்கிறாள்.

அந்தப் பாகத்தின் கடைசித்தாளில் முத்துராணி எழுதினாள்: 'இருட்கோவை ஏழு ஆற்றிலும் முக்கி எடுத்தாலும் மன்னிக்கக் கூடாது – ஆத்தங்கரை.'

பிரேமலதா பேனாவைப் பிடுங்கிக் கீழே எழுதினாள்: 'சின்னப் பையனாக இருந்தபோது அவனுக்கு அந்த ஊரில் யாருமே சோறு போடவில்லை. முதல் பாகம், பதினோராம் அத்தியாயம். மறந்துபோச்சா, ஆத்தங்கரை?'

'சோறு கிடைக்காதவர்கள் எல்லாரும் மதகை அடைத்துவிடுவார்களா, பஜார்?'

'அடைக்க மாட்டார்கள். ஆனால் அடைக்க வேண்டும் என்று நினைப்பார்கள்.'

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாயால் ஒரு வார்த்தை பேசாமல், பேனாவை மாற்றி மாற்றி வாங்கி அவர்கள் போட்ட சண்டை மூன்று தாள் ஓடியது. அண்ணாச்சி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "பரீட்சைக்குப் படிக்கியளோ, படிங்க, படிங்க" என்று மெச்சிக்கொண்டு போனார். அவர் போனதும் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கீழே வெற்றிலைக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

பன்னிரண்டாவது முடித்ததும் இருவரும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டார்கள். ஆற்றங்கரைக் குடியிருப்புக்குத் தபால்காரர் நினைத்தால்தான் வருவார். அதனால் முத்துராணி தன் விண்ணப்பத்திலும் பிரேமலதா வீட்டு விலாசத்தையே கொடுத்திருந்தாள். ஆனி மாசம் முழுக்க தினமும் போய்க் கேட்டாள். "ஒனக்கும் வரல, எனக்கும் வரல" என்றாள் பிரேமலதா.

ஆடி பிறந்து ஒரு நாள், அண்ணாச்சி அவளை மாடிக்குக் கூப்பிட்டார். திரும்பி வரும் புத்தகங்களுக்குள் கிடைக்கும் கொண்டை ஊசி, பஸ் டிக்கெட், வேப்பிலை எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பது அவர் வழக்கம். அந்த டப்பாவிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் கொடுத்தார்.

"ஏட்டி, மூணாம் பாகத்துக்குள்ள ஒன் பேருல தபால் கெடந்துது. அடையாளத்துக்கு வச்சு மறந்துட்டியோ?"

உறை பிரிக்கப்பட்டிருந்தது. நேர்முகத்துக்கு வரச்சொல்லி எழுதியிருந்த தேதி போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பாகத்தை மூன்றாவது தடவையாக எடுத்துக்கொண்டு போயிருந்தவள் யாரென்று முத்துராணி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒளித்தவள் ஒளித்த இடத்தை மறந்து, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"ஆமா அண்ணாச்சி, நான்தான் மறந்துட்டேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

ஆவணியில் பிரேமலதாவுக்குக் கல்யாணம். முத்துராணி போனாள், பந்தியில் சாப்பிட்டாள், ஒரு எவர்சில்வர் தூக்கு கொடுத்தாள். ஏன் கேட்கவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். கேட்டு, பிரேமலதா முகத்துக்கு நேரே 'நானா? இல்லையே' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். மறுநாள் பொண்ணும் மாப்பிள்ளையும் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். அடுத்த வருஷம் அப்பா படுத்துவிட்டார், முத்துராணி தையல் படிக்கப் போனாள். பயிற்சி என்ற பேச்சு அதோடு நின்றது.

அண்ணாச்சி காலமாகி, மகன்கள் நூல் நிலையத்தை எடைக்குப் போட்டபோது அவள் ஓடிப்போய் அந்த மூன்று பாகங்களையும் கேட்டு வாங்கிவந்தாள். கடைசிப் பக்கங்களோடு.

இந்த ஆவணியில் எட்டாம் பாகம் வந்தது. மூன்று நாளில் முடித்துவிட்டுப் புத்தகத்தை மிஷின் மேல் தொப்பென்று போட்டாள் முத்துராணி.

"என்ன, ஒங்க ஆளு செத்துட்டானா?" என்றாள் மும்தாஜ், ஊசியில் ஜிகினாவைக் கோத்துக்கொண்டே. அவள் ஒரு பாகத்தையும் படித்ததில்லை. முத்துராணி சொல்லிச் சொல்லி எட்டுப் பாகமும் அத்துப்படி.

"சாகலட்டி, சாமியாயிட்டான்!"

எட்டாம் பாகத்தில் பெருவெள்ளம் வருகிறது. மதகு திறக்காமல் சிக்கிக்கொள்கிறது. திறக்காவிட்டால் ஏழு ஊர் முழுகிவிடும். இருட்கோ வெள்ளத்தில் குதித்து, முதுகைக் கொடுத்து மதகுப் பலகையைத் தூக்கிப் பிடிக்கிறான். ஊர்கள் பிழைக்கின்றன. அவன் அடித்துக்கொண்டு போகப்படுகிறான். கரையில் நின்ற இளவெயினி கண்ணீர் விட்டு அவன் பெயருக்கு ஒரு கல் நடுகிறாள். ஆற்றுச்சாமி என்று ஜனங்கள் பொங்கல் வைக்கிறார்கள்.

தொடருக்கு வாட்ஸப்பில் ஒரு வாசகர் குழு இருந்தது. அங்கே ஒரே அழுகை. 'இருட்கோ எங்கள் நெஞ்சில் வாழ்வான்', 'என்ன ஒரு மாற்றம்!' என்று பத்திப் பத்தியாகப் போட்டார்கள். முத்துராணிக்கு ஒரு விரலால் எழுத்துத் தட்டிப் பழக்கம். அந்த வேகத்துக்குக் கோபம் காத்திருக்காது. காளியின் பாவாடை மடியில் கிடக்க, குரல் பதிவை அழுத்திக்கொண்டு பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஏரல்ல இருந்து முத்துராணி பேசுதேன். வெள்ளத்த நான் கண்ணால பாத்தவ. வெள்ளத்துல ஒருத்தன் முதுகக் கொடுத்து மதகத் தூக்குனாம்னு எழுதினா, சரி, கதைன்னு விட்டுருதேன். எனக்கு அதுல சண்ட இல்ல. எட்டுப் பாகத்துல எங்கனயாவது அவன் அந்தப் புள்ள முன்னால நின்னு, 'ஒங்க ஊரு எரிஞ்ச அன்னைக்கு மதக அடச்சவன் நான்தான்'னு வாயத் தொறந்து சொன்னானா? அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தெரியாமலே கல்லு நட்டு அழுவுதா. எங்க பக்கம் வெட்டுப்பட்டுச் செத்தவனுக்கெல்லாம் பீடம் போட்டுப் படைப்போம். அவன் நல்லவன்னா படைக்கோம்? பயந்துல்லா படைக்கோம். சாமியாக்குறது வேற, மன்னிக்கது வேற. உசுரக் கொடுத்தது பெருசுதான், இல்லங்கல. ஆனா ஒரு வாக்கியம் சொல்லதுக்கு அவனுக்குத் தெம்பு இல்லாமப் போச்சே. எனக்கும் ஒருத்தி மதக அடச்சா. இருபத்தாறு வருசமாச்சு. அவ வெள்ளத்துல எல்லாம் குதிக்க வேண்டாம். வந்து சொன்னாப் போதும்."

கடைசி நாலு வாக்கியமும் தானாக வந்து விழுந்தவை. அழிக்கலாமா என்று யோசிப்பதற்குள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். 'அக்கா, கதைதானே, விடுங்க' என்று ஒருவர். 'எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும்' என்று இன்னொருவர். கும்பிட்ட கை பொம்மைகள் சில. அத்தியாய எண் சொல்லி மடக்குவதற்கு ஒரு ஆள் இல்லை. முத்துராணி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மும்தாஜ் நூலைப் பல்லால் கடித்தபடி, "எங்கள்ல தவ்பான்னு சொல்லுவாவ. பாவமன்னிப்பு. அல்லாகிட்ட கேக்கதுக்கு முந்தி, யாருக்குக் கெடுதல் செஞ்சமோ அவங்கள்ட்ட கேட்டுட்டு வந்துரணும்னு எங்க வாப்பா சொல்லுவாவ" என்றாள். பிறகு மெதுவாக, "ஆமா, அது யாருக்கா, ஒங்களுக்கு மதக அடச்சவ?" என்றாள்.

"காளிக்கு இடுப்பு எத்தனை சொன்னான் அந்தப் பய? பாரு" என்றாள் முத்துராணி.

நாலாம் நாள் மத்தியானம் கடை வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது பிரேமலதா.

"முத்துராணி" என்றாள்.

"வா" என்றாள் முத்துராணி. "எப்ப வந்த?"

"நேத்து. மகளோட பிள்ளை எட்டு மாசத்துலயே பொறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்துது. குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு நேந்துகிட்டேன். பிச்சைக்காரி வேஷம் கட்டி வாரேன்னு. பிள்ளை இப்ப நல்லா இருக்கு." ஒரு மூச்சு விட்டு, "அந்த வேஷம் நீ தச்சுத் தரணும்" என்றாள்.

மும்தாஜ் சிரித்துவிட்டாள். "கிழிஞ்ச சேலைக்குத் தையக்காரி எதுக்கு மைனி? வீட்டுல பழசு எதையாவது சுத்திக்கிட்டு வரவேண்டியதுதான்!"

"நேத்திக்கடன்லா" என்றாள் பிரேமலதா, தரையைப் பார்த்துக்கொண்டு.

முத்துராணி கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள். தோள், கை, இடுப்பு. அளவெடுக்க நெருங்கினால் ஆளின் மூச்சுக் கேட்கும். கேட்டது. தோளில் டேப்பை வைத்தபோது பிரேமலதாவின் ஆள்காட்டி விரல் தன் சேலை முந்தானையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்ததை முத்துராணி பார்த்தாள். பக்கத்தின் கடைசி வரிக்கு வந்துவிட்ட மாதிரி.

"அந்த வாட்ஸப் குழுவுல நானும் இருக்கேன்" என்றாள் பிரேமலதா. "ஒன் கொரலக் கேட்டேன்."

டேப் நின்றது.

"ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது முத்துராணி. அந்த லெட்டர்..."

"அக்கா! தொப்பி சின்னதாப் போச்சு!" என்று உள்ளே நுழைந்தான் இசக்கிமுருகன். ஊர் ஊராகப் போய் அம்மனுக்குக் காணிக்கை வாங்கும் வேஷக் குழுவான தசரா செட்டில் வருஷா வருஷம் போலீஸ் வேஷம் கட்டுகிறவன். ஹெல்மெட் போடாமல் போய் நிஜ போலீசிடம் மாட்டிய வருஷத்திலிருந்து அவனுக்கு அந்த வேஷத்தின் மேல் தீராத ஆசை. காக்கிச் சட்டையோடு, உச்சந்தலையில் உட்கார்ந்த தொப்பியோடு நின்றான்.

"ஏலே, தொப்பி சின்னதாகல. ஒந்தலை பெருத்துட்டு" என்றாள் மும்தாஜ்.

அவன் அதற்கு ஒரு பதில் சொல்ல, இவள் ஒன்று சொல்ல, சிரிப்பு அடங்கித் திரும்பிப் பார்த்தபோது செருப்பு இருந்த இடம் காலியாக இருந்தது.

வேஷத்தை முத்துராணி தைத்தாள். மிச்சம் விழுந்த துண்டுகளைக் கொண்டு ஒட்டுப் போட்டாள். காளியின் சிவப்பு, ராஜாவின் நீலம், போலீசின் காக்கி. கிழிசல் மாதிரி தெரிய வேண்டும், ஆனால் பத்து நாள் ஊர் ஊராக நடந்தாலும் பிரியக்கூடாது. ஒவ்வொரு ஒட்டுக்கும் இரட்டைத் தையல். தைக்கும்போது ஒரே யோசனைதான். செட்டோடு செட்டாக அவள் வருவாள். முகத்தில் கரி பூசியிருப்பாள். மேளம் காதைப் பிளக்கும். திருவோட்டை நீட்டுவாள், நான் காணிக்கை போடுவேன், இரண்டு பேரும் அழுவோம், பார்க்கிறவர்களும் அழுவார்கள். எட்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயம் அப்படியே நடந்து முடியும். வாக்கியம் மட்டும் இருக்காது.

"போட மாட்டேன்" என்று மிஷினைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னத்த?" என்றாள் மும்தாஜ். அன்றைக்குத்தான் முத்துராணி அவளிடம் முழுசாகச் சொன்னாள், உறை முதற்கொண்டு. மும்தாஜ் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"வேசம் கட்டி வாரவங்களுக்கு இல்லைன்னு சொல்லலாமாக்கா?"

"அம்மனுக்கு இல்லைன்னு யார் சொன்னா? இவ சொல்லட்டும், போடுதேன்."

தைத்த துணியை, பிரேமலதாவும் தன் செட்டில்தான் வருகிறாள் என்று சொல்லி, இசக்கிமுருகன் வந்து வாங்கிக்கொண்டு போனான். கோயிலில் கொடியேறியது, கையில் விரதக் காப்புக் கட்டினார்கள். ஆறாம் நாள் சாயங்காலம் செட் ஏரல் பஜாருக்கு வந்தது. காளி மூன்று பேர், ஒரு ராஜா, ஒரு குரங்கு, விசில் ஊதிக்கொண்டு போக்குவரத்தைச் சரிசெய்வதாக நினைத்துக் கெடுத்துக்கொண்டிருந்த இசக்கிமுருகன். கடைசியில், வெறுங்காலோடு, கையில் திருவோட்டோடு பிரேமலதா. கரியும் வேர்வையும் கலந்து கன்னத்தில் வழிந்திருந்தது. கண்ணாடி போடவில்லை. முத்துராணியின் கடைப்படியைக் கால் துழாவித்தான் ஏறினாள்.

ஓடு நீண்டது. முத்துராணி பித்தளைச் சொம்பில் அரிசியை வைத்துக்கொண்டு நின்றாள். கை போகவில்லை.

மேளம் இரண்டு சுற்றுச் சுற்றியது. மற்றவர்கள் மும்தாஜிடம் வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். இசக்கிமுருகன் திரும்பி வந்து, "யக்கா, நகருங்க நகருங்க, டிராபிக் ஜாமாவுது" என்று விசிலை வாயில் வைத்தான். முத்துராணி பார்த்த பார்வையில் விசில் ஊதாமலே இறங்கிப் போனான்.

மேளச் சத்தம் பாத்திரக்கடையைத் தாண்டி, பழக்கடையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. செட்டைவிட்டுத் தனியே நிற்பது வழக்கமில்லை. பிரேமலதா நின்றாள். ஓடு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

"லெட்டரு ஆனி அஞ்சாம் தேதி வந்துது" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. "எனக்கு வரல. ஒனக்கு மட்டும் வந்துது. பிரிச்சுப் படிச்சேன். மறக்கல முத்துராணி, ஒளிச்சேன். நீ தெனமும் வந்து கேட்ட. தெனமும் இல்லைன்னு சொன்னேன். இருபத்தேழு நாள் சொன்னேன். நீ போயிட்டா நான் யாரோட அந்தப் படியில ஒக்காருவேன்னு நெனச்சேன். ரெண்டு மாசத்துல எனக்கே கல்யாணம் பேசி முடிச்சு அனுப்பிட்டாவ. படி அங்கனயே கெடந்துது."

இந்த நிமிஷத்துக்காக முத்துராணி இருபத்தாறு வருஷமாகப் பதில் சேர்த்து வைத்திருந்தாள். மிஷின் மிதிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அந்த டீச்சரம்மாக்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது. வாயிலிருந்து வந்தது வேறு.

"அத எதுக்குட்டி புஸ்தகத்துக்குள்ள வச்ச? அடுப்புல போட்டிருக்கலாம்லா?"

"போடப் போனேன். மேல ஒன் பேரு டைப் அடிச்சிருந்துது. ஒன் பேர அப்படி நான் பாத்ததே இல்ல. எரிக்க மனசு வரல."

மும்தாஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜிகினா டப்பாவை மூடித் திறந்தாள். முத்துராணி சொம்பைச் சாய்த்தாள். அரிசி ஓட்டில் விழுந்து நிறைந்தது.

"இது அம்மனுக்கு" என்றாள். "எனக்கு ஒண்ணும் தீரலட்டி. தீந்துட்டுன்னு நெனச்சுக்கிட்டுப் போவாத."

"போவல" என்றாள் பிரேமலதா.

"போ, செட்டு தூரமாப் போயிட்டு. காப்ப அவுத்துட்டு வா."

பிரேமலதா படியிறங்கி வேகமாக நடந்தாள். முதுகில் போட்டிருந்த காக்கி ஒட்டு பஜார் வளைவு வரைக்கும் தெரிந்தது. தையல் பிரியவில்லை என்பதை முத்துராணி கவனித்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவள் பழைய மூன்றாம் பாகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் படித்தாள். இந்தப் புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் கைக்கு வராமல் போன ஆசிரியர் வேலையை நினைத்துத்தான் எடுப்பதாக அவள் நம்பியிருந்தாள். பயிற்சிப் பள்ளியின் கட்டடத்தை அவள் பார்த்ததுகூட இல்லை. மரப்படியின் ஒவ்வொரு ஆணியும் தெரியும். தன் எழுத்துக்குக் கீழே சாய்ந்து சாய்ந்து ஓடிய அந்த இன்னொரு எழுத்தைத்தான் இத்தனை வருஷமாகத் தேடியிருக்கிறாள். எட்டாம் பாகத்தின் கடைசியில் அச்சடித்தவர்கள் இரண்டே இரண்டு வெற்றுத்தாள் விட்டிருந்தார்கள். மைதா காய்ச்சி, இன்னும் மூன்று தாளை ஒட்டினாள்.

காப்பு அவிழ்த்த மறுநாள் பிரேமலதா வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். வேஷத் துணியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். மும்தாஜ் மூன்று காப்பி சொல்லிவிட்டாள். பேச்சு பிள்ளையைப் பற்றியும், திருப்பூர் வெயிலைப் பற்றியும், வெள்ளத்தில் போன பாலத்தைப் பற்றியும் போயிற்று. ஆனி மாசத்தைப் பற்றிப் போகவில்லை.

கிளம்பும்போது முத்துராணி எட்டாம் பாகத்தை நீட்டினாள். கடைசித்தாளில் அவள் எழுதியிருந்தது: 'இருட்கோ சாமியானது எனக்கு ஒப்பவில்லை. அவன் பிழைத்து வந்து இளவெயினியிடம் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் பாடு – ஆத்தங்கரை.'

கீழே பாதித்தாள் காலியாக இருந்தது.

பிரேமலதா அங்கேயே, வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தாள். விரல் தாளைத் தட்டியது. பிறகு அளவு குறிக்கிற பென்சிலைக் கேட்டு வாங்கி எழுதத் தொடங்கினாள். நிறைய எழுதினாள். முத்துராணி மிஷினில் உட்கார்ந்து, அடுத்த வருஷத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த குரங்கு வாலைத் தைக்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்தாள்.

புத்தகம் கைக்கு வந்ததும் பார்த்தாள். அதே சாய்ந்த எழுத்து.

'அவன் சொல்லாதது தெம்பில்லாமல் அல்ல, ஆத்தங்கரை. சொன்னால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, அதற்கப்புறம் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான். ஏழாம் பாகம், நாலாம் அத்தியாயத்தில் அவன் மூன்று தடவை அவள் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறான். நீ அதைச் சரியாகப் படிக்கவில்லை – பஜார்.'

"நான் சரியாப் படிக்கலையா?" முத்துராணி எழுந்தேவிட்டாள். "ரெண்டு தடவைதாம்ட்டி வருவான்! மூணாவது தடவ வாரது அவன் நெழல வாங்குன யாவாரி!"

"ரெண்டு இல்ல, மூணு. எடு ஏழாம் பாகத்த."

"எடுக்கேன். மும்தாஜ், அந்தப் பைய எடு."

மும்தாஜ் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, காப்பிக்காரனைக் கூப்பிட்டு இன்னொரு மூன்று சொன்னாள்.